தங்கையின் பத்தியத்துக்கு ஓரா மீன்

என் தங்கை லூர்துமேரிக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது என்று திருகோணமலையிலிருந்து தந்தி வந்தபோது, நாகப்பட்டினத்து ஜவுளிக்கடையில் நான் யாருக்கோ பாவாடைத் துணி கிழித்துக்கொண்டிருந்தேன். சந்தோஷத்தில் ஒரு முழம் கூடுதலாகவே கிழித்துவிட்டேன். முதலாளி திட்டினார், திட்டி முடித்ததும் லீவும் கொடுத்தார். அப்பா அம்மா இல்லாத வீட்டில் தாய்மாமன் என்று நான் ஒருவன்தான். நான் போகாவிட்டால் அந்தக் குழந்தையைப் பார்க்க எங்கள் பக்கத்திலிருந்து யார் போவது?

கப்பலிலும் ரயிலிலும் பட்ட பாட்டை எல்லோரும் எழுதிவிட்டார்கள். எனக்கும் அதே பாடுதான், புதிதாக ஒன்றும் இல்லை. காலையில் திருகோணமலை ஸ்டேஷனில் இறங்கியபோது மாப்பிள்ளை வின்சன் இரவல் சைக்கிளோடு நின்றார். துறைமுகத்தில் கிளார்க் வேலை, பேச்சு குறைவு, சிரிப்பு அதிகம். என் டிரங்குப் பெட்டியைச் சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டினோம். கடைத்தெரு திரும்புவதற்குள் கயிறு அறுந்து பெட்டி விழுந்து, குழந்தைக்கு நான் கொண்டுபோன சட்டைகளெல்லாம் ரோட்டில் சிதறின. போகிற வருகிறவர்களெல்லாம் குனிந்து பொறுக்கிக் கொடுத்தார்கள். ஒரு பெண்மணி ஒரு சட்டையை விரித்துப் பார்த்துவிட்டு, "வடிவான துணி, எங்க எடுத்தனீங்கள்?" என்று விசாரித்தாள். அந்த ஊர் எனக்குப் பிடித்துப்போனதற்கு இது போன்ற காரணங்கள்தான்.

ஆறு வருஷத்துக்கு முன் கல்யாணத்துக்கு வந்திருந்தேன். அந்தத் திருகோணமலையை நினைத்தால் இன்றும் நாக்கு ஊறும். பந்தியில் சிவப்பரிசிச் சோறு, நண்டுக் குழம்பு, இறால் பொரியல், பெயர் தெரியாத மீன்களில் மூன்று நான்கு கறி. மறுநாள் வின்சன் என்னை ஒரு வள்ளத்தில் ஏற்றித் துறைமுக வாயில் வரை கூட்டிப்போனார். தண்ணீர் அவ்வளவு தெளிவு. கீழே பவளப்பாறை மஞ்சளும் ஊதாவுமாகப் பரந்து கிடந்தது. அதற்குள் புகுந்து புறப்பட்ட மீன்களைப் பார்த்தபோது எங்கள் கடையில் தீபாவளி வாரத்துச் சேலை அலமாரிதான் ஞாபகம் வந்தது. நாகப்பட்டினத்துக் கடலில் நான் கலங்கலைத் தவிர வேறெதையும் பார்த்ததில்லை. ஊருக்குத் திரும்பி ஒரு மாதம் எல்லோரிடமும் இதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

இந்த முறை லிங்கநகரில் இருந்த அவர்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் கையில் ஒரு கிளாஸ் தேநீரும் உள்ளங்கையில் ஒரு துண்டு பனங்கட்டியும் வந்தன. நாடு முழுக்கத் தட்டுப்பாட்டுக் காலம். சீனி இல்லை. பாண் என்கிற ரொட்டி வாங்க விடியுமுன் வரிசையில் நிற்க வேண்டும். அரிசி கூப்பனுக்கு, அதுவும் கூட்டுறவுச் சங்கக்கடையில் வந்தால்தான். மத்தியானம் அவித்த மரவள்ளிக் கிழங்கும் மீன் குழம்பும். வின்சனின் அக்கா பிலோமினா பரிமாறினார். பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். குரலில் எப்போதும் ஒரு பிரம்பு இருக்கும். "இந்தியாவில இருந்து வந்த ஆளுக்குக் கிழங்கு தாறம், குறை நினைக்காதேங்கோ தம்பி" என்றார். கிழங்கு நன்றாகவே இருந்தது. சொன்னேன், அவர் நம்பவில்லை.

சாப்பிட்டு முடித்து உள்ளே போய்க் குழந்தையைப் பார்த்தேன். தோல் சுருங்கி, முகத்தில் கண் மட்டும் பெரிதாக இருந்தது. அழுகையில் சத்தம் குறைவாக இருந்தது, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. லூர்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பால் காணாது அண்ணா" என்றாள். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அவள் பேச்சும் அந்த ஊராகிவிட்டது. "இழுத்து இழுத்துப் பார்க்கிறான். பிறகு களைச்சுப்போய் நித்திரையாயிடுறான்." பால்மா எந்தக் கடையிலும் இல்லை. வின்சன் மூதூர், கிண்ணியா வரை அலைந்து பார்த்துவிட்டாராம். மருத்துவிச்சி வந்து, குழந்தை எடை ஏறவில்லை, தாய்க்கு நல்ல சாப்பாடு கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாளாம். நல்ல சாப்பாட்டுக்கு எங்கே போவது என்று அவள் சொல்லவில்லை.

பிலோமினா அக்காவுக்குத் தெரியும். பிள்ளை பெற்றவளுக்கு ஓரா மீன் வேண்டும். மிளகு, சீரகம், மல்லி, மஞ்சள், உள்ளி என்கிற பூண்டு எல்லாம் அரைத்த சரக்குக் கறியாக அதை வைத்துக் கொடுத்தால் பால் ஊறும். இதை எங்கள் அம்மாவும் செய்வாள். ஓராவை எனக்கும் தெரியும். "அவ்வளவுதானே?" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டேன். நாகப்பட்டினத்துக்காரனுக்கு மீன் வாங்கவா தெரியாது?

மறுநாள் காலை மீன் சந்தைக்குப் போனேன். ஓரா குவிந்து கிடந்தது, மலிவாகவும் இருந்தது. கண் பளபளப்பு, செவுள் சிவப்பு, எல்லாம் சரியாகப் பார்த்து வாங்கி வெற்றி வீரனாக வீடு திரும்பினேன். பிலோமினா அக்கா ஒன்றை எடுத்து வயிற்றைக் கீறினார். உள்ளே இரத்தம் கட்டி, சதை கூழாக, நடுமுள் இரண்டாக முறிந்திருந்தது.

"வெடி மீன்" என்றார்.

எங்கள் ஊரில் மீன் வலையில் படும், தூண்டிலில் படும். இங்கே கல்லுடைக்கிற வெடிமருந்தைத் தகரப் பேணியில் அடைத்துத் திரி வைத்துக் கடலில் எறிகிறார்கள். வெடித்ததும் சுற்றுவட்டத்தில் உள்ள மீன் எல்லாம் செத்து மிதக்கும். வெளியே பார்த்தால் ஒரு கீறல் இருக்காது. உள்ளே நொறுங்கியிருக்கும், சீக்கிரம் பழுதாகிவிடும். "உள்ளுக்க அடிபட்டுச் செத்த சீவனை உள்ளுக்க புண்ணோட கிடக்கிறவளுக்குக் குடுக்கிறதோ? அவளுக்கு வயித்தாலடிச்சால் பிள்ளைக்கும் அடிக்கும். ஏலவே ஏலாது" என்று அக்கா தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஆனால் அந்தக் காலத்தில் யார் மீனைக் கொட்டுவார்கள்? பொரித்து எனக்கு வைத்தார்கள். சாயந்திரத்துக்குள் அக்கா சொன்னது எவ்வளவு சரி என்று என் வயிறு நிரூபித்துவிட்டது. அதை விவரிக்க வேண்டாம்.

வயிறு அடங்கியதும் நானும் வின்சனும் மூதூருக்குப் புறப்பட்டோம். அங்கே கூடு போட்டு மீன் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். கம்பால் பின்னிய பொறியைக் கடலடியில் இறக்கிவைத்தால் மீன் தானாக உள்ளே போகும், உயிரோடு எடுக்கலாம். கொட்டியாரக் குடாவைக் கடக்க லோஞ்ச் என்கிற மோட்டார் படகு. ஆடு, கோழி, சைக்கிள், நாங்கள் எல்லாம் ஒரே வகுப்பு. பாதிக் கடலில் எஞ்சின் இருமியது, தும்மியது, நின்றது. கச்சான் காற்று முகத்தில் அனலாக அடித்தது. லோஞ்ச்காரர் எஞ்சினைத் தட்டிக்கொண்டிருக்கும்போது தூரத்தில் தண்ணீருக்கடியில் யாரோ கதவை அறைந்து சாத்தியதுபோல் ஒரு சத்தம். என் காலடிப் பலகை அதிர்ந்தது.

கொஞ்ச நேரத்தில் மீன் மிதந்து வந்தது. லோஞ்சில் இருந்தவர்கள் அத்தனை பேரும் ஒரு பக்கம் சாய்ந்து வாளியாலும் குடையாலும் தொப்பியாலும் அள்ளினார்கள். லோஞ்ச் கவிழாமல் இருந்தது மாதா செயல். ஒரே சிரிப்பும் கூச்சலும். இரண்டு சிங்கள இளைஞர்கள் ஏதோ சொல்லிக் கைதட்டினார்கள். என்ன சொல்கிறார்கள் என்று வின்சனைக் கேட்டேன். "கூப்பன் இல்லாமல் கிடைக்கிற ஒரே சாமான் இதுதானாம்" என்றார். நானும் சிரித்தேன். பிறகு தண்ணீரைப் பார்த்தேன். அள்ளத் தகுந்த மீன் கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் விரல் நகத்தளவுக் குஞ்சுகள், அரிசி கொட்டியதுபோல் வெள்ளையாகப் பரவிக் கிடந்தன. அவற்றை யாரும் எடுக்கவில்லை.

மூதூரில் கூடு போடும் ஒரு முஸ்லிம் பெரியவரை, அந்த ஊர்ப் பேச்சில் காக்காவை, கண்டுபிடித்தோம். அவருடைய கூடுகள் கரையில் வெயிலில் கிடந்தன. ஒன்றுக்குள் கோழி முட்டையிட்டு அடைகாத்துக்கொண்டிருந்தது.

"இப்ப கூட்டுக்குள்ள கோழிதான் விழுது தம்பி" என்றார். "ஓரா புல்லுத் தின்னுற மீன். சாதாழைப் புல்லும் பவளப் பாரும் இருந்தாத்தானே வரும்? பாரை வெடி போட்டு உடைச்சாச்சு. நான் கூடு இறக்கிப்போட்டு வர, பின்னால வந்து அதுக்கு மேலயே போடுறாங்கள்." எங்களுக்கு இளநீர் வெட்டித் தந்து அனுப்பினார். வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தபோது லூர்து எங்கள் கையைத்தான் முதலில் பார்த்தாள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று நான் குனிந்து பார்த்தேன்.

அந்தச் சாயந்திரம்தான் பக்கத்து வீட்டுச் செபமாலை அண்ணன் வந்தார். ஞானஸ்நானத்தில் குழந்தைக்கு ஞானத்தகப்பனாக நிற்கப்போகிறவர். வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது. எப்படிப் போனது என்று கேட்கத் தேவையில்லை. திரி எரிவதற்கும் எறிவதற்கும் நடுவில் ஒரு நொடி பிசகியதன் விளைவு. இன்னும் அதே தொழில்தான், இடது கையால். அந்தத் தெருவே அவரால்தான் மீன் சாப்பிட்டது. காசு கொடுத்தால் வாங்கிக்கொள்வார், கொடுக்காவிட்டால் கேட்கமாட்டார். நான் அவரை வெறுக்கத் தயாராக இருந்தேன். வந்தவர் குழந்தையின் காலைத் தொட்டு முத்தமிட்டு, அது சிணுங்கியதும் தானும் அழுதுவிட்டார். அப்புறம் எப்படி வெறுப்பது?

பிலோமினா அக்கா விடவில்லை. "கடலெல்லாம் உடைச்சுப்போட்டு இப்ப வந்து அழுறியளோ?"

"வேற என்ன செய்யச் சொல்லுறியள் டீச்சர்? கூட்டைப் போட்டிட்டு நாலு நாள் காத்திருக்கவோ? தெருவில பிள்ளையள் இண்டைக்கல்லோ பசிக்குது எண்டு அழுதுகள்" என்றார். பிறகு செபமாலை அண்ணன் என் பக்கம் திரும்பினார். "தம்பி, உங்களுக்கு வலை வீசத் தெரியுமோ?"

தெரியும் என்றேன். ஜவுளிக்கடையில் பிறந்து வளர்ந்தவன் நான். வலையைத் தொட்டதே இல்லை. ஆனால் நாகப்பட்டினத்தின் மானம் என்று ஒன்று இருக்கிறதே.

விடியற்காலையில் அவருடைய வள்ளத்தில் புறப்பட்டோம். துறைமுக வாயிலுக்கு வந்ததும் நான் ஆசையாக எட்டிப் பார்த்தேன். தண்ணீர் அதே தெளிவுதான். கீழே மஞ்சளும் இல்லை, ஊதாவும் இல்லை. இடித்துப்போட்ட வீட்டுச் செங்கல் குவியல்போல் சாம்பல் நிறத்தில் உடைந்த கற்கள், அவற்றின் மேல் பாசி. இடம் மாறிவிட்டதோ என்று கேட்டேன். "இல்லை, இதுதான்" என்று அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். ஒரு மாதம் முழுக்க நான் ஊரில் பெருமை பேசிய இடம்.

குடாவின் தெற்குக் கரையோரமாக வெகுதூரம் போனோம். பாறைகள் நீட்டிக்கொண்டிருந்த ஒரு முனையைச் சுற்றியதும் எஞ்சினை நிறுத்திவிட்டு, சவள் துடுப்பால் தள்ளிக்கொண்டு சின்ன ஒதுக்கம் ஒன்றுக்குள் நுழைந்தார். கீழே சாதாழை, வயல் நாற்றுப் போலப் பச்சையாக அசைந்துகொண்டிருந்தது. அதற்குள் ஓரா. கூட்டம் கூட்டமாக, மேய்கிற ஆடுகள்போல் தலையைக் குனிந்துகொண்டு நிதானமாகத் தின்றுகொண்டிருந்தன. கூடவே கடல்குதிரை ஒன்றையும் பார்த்தேன். அதற்குமுன் படத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

"நாலைஞ்சு மாசத்துக்கு முதல் கண்டனான். ஒருத்தருக்கும் சொல்லேல்ல" என்றார். அவர் காலடியில் பலகைக்குக் கீழே சாக்கு மூடிய பேணி ஒன்று இருந்தது. நான் அதைப் பார்ப்பதை அவர் பார்த்தார். சாக்கை இழுத்து இன்னும் இறுக்கி மூடினார். "இதுக்குள்ள போடமாட்டன் தம்பி. இது பிள்ளைக்கெண்டு வைச்ச இடம்."

வலையை எடுத்து வீசினேன். அது பந்தாகச் சுருண்டு, கருங்கல் விழுவதுபோல் தொப்பென்று விழுந்தது. கூட்டம் கலைந்து ஓடியது. செபமாலை அண்ணன் என்னைப் பார்த்தார். நான் நாகப்பட்டினத்தைப் பார்ப்பதுபோல் வடமேற்கே பார்த்தேன். பிறகு அவர் எனக்குப் பின்னால் நின்று, வலது முழங்கையால் என் தோளைத் தள்ளி, இடது கையால் வலையின் ஓரத்தை என் பல்லில் கடிக்க வைத்தார். இருவரும் சேர்ந்து ஒரு ஆளாக வீசினோம். தவறியது. மறுபடி வீசினோம். வள்ளம் ஆடி இருவரும் கடலில் விழுந்தோம். ஏறி வந்து மறுபடி வீசினோம். வெயில் உச்சிக்கு வந்தபோது வலை ஒருவழியாக விரிந்தது. நாலு ஓரா உயிரோடு துள்ளின. சந்தோஷத்தில் கையை விட்டு எடுக்கப்போய், முள் உள்ளங்கையில் ஏறிவிட்டது. ஓரா முள்ளுக்கு விஷம் உண்டு. நான் போட்ட சத்தம் மூதூருக்குக் கேட்டிருக்கும். அவர் சிரித்துச் சிரித்து வள்ளத்தில் உட்கார்ந்துவிட்டார். நானும் அழுதுகொண்டே சிரித்தேன். அந்த மத்தியானத்தைப்போல் ஒன்று எனக்கு மறுபடி வாய்க்கவில்லை.

அக்கா வயிற்றைக் கீறிப் பார்த்துவிட்டு அம்மியைக் கழுவினார். குசினியிலிருந்து மிளகும் உள்ளியும் வதங்கும் வாசனை வந்ததும் எங்கள் அம்மாவே அங்கே நிற்பதுபோல் இருந்தது. லூர்து சட்டியை வழித்துச் சாப்பிட்டாள். அடுத்தடுத்த நாட்களும் போனோம். என் வீச்சும் கொஞ்சம் தேறியது. அந்த வாரம் போவதற்குள் குழந்தை மடியில் கிடந்து விழுங்கும் சத்தம் அடுத்த அறைக்குக் கேட்டது. மீனா, மனதைரியமா, எது செய்ததென்று நான் சொல்லமாட்டேன். மருத்துவிச்சி வந்து எடை பார்த்துச் சிரித்தாள். செபமாலை அண்ணனுக்கு அக்கா முதல்முறையாகக் கதிரை போட்டுத் தேநீர் கொடுத்தார், தன் பங்குப் பனங்கட்டியோடு.

நான் ஊர் திரும்புவதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். அன்றைய விருந்தில் சோறு எப்படியோ, கறி ஞானத்தகப்பனுடைய பொறுப்பு. அது அந்தத் தெருவின் வழக்கம். சோற்றுக்கு அயலவர்கள் ஆளுக்கொரு சுண்டு அரிசி கொண்டுவந்து ஒரே பானையில் கொட்டினார்கள். மாதக்கணக்கில் கிழங்கு தின்ற தெரு அது. இரண்டு நாளாகவே பிள்ளைகள் வந்து வந்து அடுப்பு மூட்டியாயிற்றா என்று எட்டிப் பார்த்தார்கள். சனிக்கிழமை நான் கூட வருகிறேன் என்றதற்கு, "நீங்கள் படுங்கோ தம்பி, நான் போயிட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுச் செபமாலை அண்ணன் தனியாகப் போனார்.

வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிட்டார். வள்ளம் நிறைய ஓரா. பெரிது, சிறிது, விரலளவுக் குஞ்சு, எல்லாம் ஒன்றாக. சாதாழை கொத்துக்கொத்தாக மீனோடு பிய்ந்து வந்திருந்தது. எத்தனை ஆள் சேர்ந்து வீசினாலும் வலையில் அவ்வளவு படாது. "அண்ணே, அந்த ஒதுக்கத்துக்குள்ளேயா வெடி போட்டீங்க?" என்று கேட்டேன்.

அவர் கூடையைத் தூக்கிக்கொண்டே, "என்ர பிள்ளையின்ர விருந்து தம்பி" என்றார். "தெரு முழுக்க வரும். நாலு மீனை வைச்சுக்கொண்டு என்னெண்டு நிக்கிறது?"

எனக்குக் கோபம் வந்தது. அவரைப் பிடித்து உலுக்கவேண்டும்போல் இருந்தது. அதற்குள் பிள்ளைகள் ஓடிவந்து அவருடைய இடுப்பைக் கட்டிக்கொண்டன. அக்கா மீன்களை வாங்கி அரிந்தார். ஒரு துண்டைக்கூட லூர்துவின் சட்டிக்கு எடுத்து வைக்கவில்லை. எல்லாவற்றையும் மறுநாள் கறிக்காகப் பழுதாவதற்கு முன் பொரித்தெடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் குழந்தை தலையில் தண்ணீர் பட்டதும் பலமாக, நல்ல சத்தமாக அழுதான். அந்த அழுகைக்கு எல்லோரும் சிரித்தோம். வீட்டில் பாய் விரித்துப் பந்தி. ஞானத்தகப்பன் தானே கறிச்சட்டியை வலது முழங்கையில் அணைத்துக்கொண்டு, இடது கையால் அகப்பை பிடித்துப் பரிமாறினார். கறி பிரமாதம். நான் இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டேன். நான் சாப்பிட்ட விருந்துகளில் அதற்கு மேல் ஒன்றைச் சொல்லத் தெரியவில்லை.

பந்தியின் கடைசியில் அடுத்த வீட்டு ராணி, நிறைமாதமாக, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். லூர்துவின் மடியில் பால் குடிக்கும் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தவள், செபமாலை அண்ணன் அருகில் வந்ததும் நிமிர்ந்து, "அண்ணை, எனக்கும் வாற மாசம்" என்றாள். "லூர்து சொன்ன அந்த ஒதுக்கத்தில எனக்கும் நாலு உயிர் ஓரா பிடிச்சுத் தருவியள்தானே?"

அவர் நின்றார். சட்டியைப் பார்த்தார். பிறகு அகப்பையை அடிவரை விட்டுத் துழாவி, இருந்ததில் பெரிய துண்டாக ஒன்றை எடுத்து அவளுடைய தட்டில் வைத்தார்.

"இப்ப சாப்பிடு பிள்ளை" என்றார்.